இரண்டில் எட்டு போகாது

ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் மீதி எவ்வளவு என்று கேட்டால், என் அக்கா மகன் 26 என்று எழுதுவான். மூன்றாம் வகுப்பில் அப்படித்தான் எழுதினான். நான்காம் வகுப்பு முடியப் போகிற நேரத்திலும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தான். எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பாராமல் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிடுவான். விடை தப்பு, ஆனால் அந்தத் தப்புக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரே தப்பை ஒரே மாதிரி செய்துகொண்டு வருகிற பிள்ளை யோசிக்காத பிள்ளை இல்லை. அவன் தானாக ஒரு விதியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அந்த விதி பிசகு என்பதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஒரு கணக்கை அவன் இரண்டு இடங்களில் படித்தான். முதலில் 2020-ல், வீட்டுக் கூடத்தில், கல்வித் தொலைக்காட்சியின் முன்னால். அடுத்து 2022 பிப்ரவரியில், அதே தெருவில் நாலு வீடு தள்ளி, ‘இல்லம் தேடிக் கல்வி’ மையம் நடந்த தாழ்வாரத்தில். இரண்டு தடவையும் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பொதுமுடக்கத்தின்போது திண்டிவனம் பக்கத்து ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தவள் பல மாதம் அங்கேயே தங்கிவிட்டேன். அதன் பிறகும் போக வர இருந்தேன். செல்போன் மாணவர்களைக் கெடுக்கிறதா, தொழில்நுட்பம் படிப்புக்கு நல்லதா என்று எத்தனையோ விவாதங்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றைவிட இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில்தான் எனக்கு ஏதோ பிடிபட்டது.

தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் வாய்த்த காலம் ஒன்றல்ல. பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, வேறு வழியே இல்லாத நிலையில், கல்வித் தொலைக்காட்சி தனியாகச் சுமை தூக்கியது. தெருவில் நடந்த மாலை வகுப்போ பள்ளி திறந்தபின் பள்ளிக்குத் துணையாக வந்தது. ஒன்றைத் தோற்றதாகவும் மற்றதை வென்றதாகவும் சொல்வது நியாயமாகாது. நான் பார்க்க விரும்புவது வெற்றி தோல்வியை அல்ல. ஒரு பிள்ளையின் கவனம் எங்கே நின்றது, எங்கே நழுவியது, நழுவியபோது யாருக்கு அது தெரிந்தது என்பதை.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கப்பட்டது. பெருந்தொற்று என்ற சொல்லே நம் வாயில் புழங்காத காலம் அது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் படப்பிடிப்புக் கூடம் அமைத்து, அரசுப் பள்ளி ஆசிரியர்களையே நடத்தச் சொல்லிப் பாடங்களைப் பதிவு செய்தார்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, ஜூலையில் வகுப்புவாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீடு அபூர்வம். 2006 தேர்தலில் வாக்குறுதி தந்து, பிறகு வீடு வீடாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் அந்தப் பழைய பெட்டியில்தான் பாடம் ஓடியது. பொழுதுபோக்குக்கு என்று வந்த பெட்டி, பதினான்கு வருடம் கழித்துப் பள்ளிக்கூடமாக வேலை பார்த்தது.

செல்போனின் கதை வேறு. பிரதம் அமைப்பு வெளியிடும் ‘அசர்’ அறிக்கையின்படி, இந்தியக் கிராமங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தவை 2018-ல் 36.5 விழுக்காடு; 2021-ல் 67.6 விழுக்காடு. மூன்றே வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: வீட்டில் போன் இருந்தும் நாலில் ஒரு பிள்ளைக்கு அது கைக்கு எட்டவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அறிக்கை தேவைப்படவில்லை. அக்கா வீட்டில் ஒரே போன். மாமா காலையில் வேலைக்குப் போகும்போது அதுவும் கூடப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது சார்ஜும் இருக்காது, நெட்டும் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அக்காவின் மகளுக்கும் மகனுக்கும் இடையே போட்டி. ஆகவே சின்னவனுக்கு வாய்த்தது தொலைக்காட்சிதான்.

அந்தக் கழித்தல் பாடம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. திரையில் வந்த டீச்சர் பொறுமையானவர். குரலில் அன்பு இருந்தது. “ரெண்டுல எட்டு போகாது, அதனால பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும்” என்று, நம் ஊர் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் அதே பேச்சில் சொன்னார். கரும்பலகை போன்ற திரையில் எண்கள் நிறம் மாறின. ஐந்து நான்காயிற்று, இரண்டு பன்னிரண்டாயிற்று. பிறகு இன்னொரு கணக்கை எழுதிவிட்டு, “சொல்லுங்க பார்ப்போம்” என்றார். மூன்று வினாடி இருக்கும். இவன் வாய்விட்டு ஒரு விடை சொன்னான். தன்னுடைய பழைய விதிப்படிதான் சொன்னான். டீச்சர் சிரித்த முகத்தோடு “மிகச் சரி!” என்றார்.

அவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. என் பக்கம் திரும்பி, “சித்தி, சரின்னு சொல்லிட்டாங்க” என்றான். அவன் திரும்பிய அந்த நொடியில்தான் திரையில் உண்மையான விடை வந்து போனது. அவன் அதைப் பார்க்கவில்லை.

அந்த டீச்சரைக் குறை சொல்ல மனம் வராது. எதிரே ஒரு பிள்ளை முகமும் இல்லாமல், கேமரா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, எங்கோ இருக்கும் லட்சம் பிள்ளைகளை மனதில் நிறுத்திப் பாடம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பது வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும். அவர் மூன்று வினாடி இடைவெளி விட்டதே பிள்ளைகளை மதித்துத்தான். ஆனால் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், பதில் காதில் விழாத இடத்தில் நின்று கேட்கும் கேள்வி அது. தப்புக்கும் சரிக்கும் ஒரே பாராட்டு விழுந்துவிடுகிறது. என் அக்கா மகன் ஒன்றரை வருடம் அந்தப் பாராட்டோடு 26 என்று எழுதிக்கொண்டிருந்தான். வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்பியபோதும், நாற்பது படங்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாகப் போய், கட்டைவிரல் உயர்த்திய ஒரு படத்தோடு திரும்பி வந்தது.

கவனம் சிதறுவது என்று பேசும்போது தொலைக்காட்சியையும் செல்போனையும் ‘திரை’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்வித் தொலைக்காட்சி பிள்ளையின் கவனத்தைத் திருடவில்லை. கவனம் போனால் போகட்டும் என்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை எழுந்து போய் ஆட்டுக்குட்டியைத் துரத்திவிட்டு வந்தாலும் அதற்குத் தெரியாது. செல்போனுக்கோ தெரியும். எந்தப் படத்தில் விரல் எத்தனை வினாடி நின்றது, எங்கே தள்ளிவிட்டது என்று அது கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு பிள்ளைக்காக இல்லை, அடுத்த படத்தைக் காட்டுவதற்காக. அந்தப் பள்ளி இல்லாத மாதங்களில் கிடைத்த இடைவெளியில் போன் கைக்கு வந்தால், பாடத்தின் வீடியோவைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் இவன் ஷார்ட்ஸுக்குள் போய்விடுவான். அங்கே போனபின் அரை மணி நேரம் கூப்பிட்டாலும் காதில் விழாது.

பாடநூலில் ஒரு பக்கம் முடியும். முடிகிற இடத்தில் பிள்ளையின் கை நிற்கும். புரட்டலாமா வேண்டாமா என்று ஒரு கண இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியே இல்லாமல், விரலைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அதற்காகத் தான் வருந்துவதாகப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டும் அவருடைய குழுவினரும் 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய 800 பேரிடம் நினைவாற்றல் சோதனை, கவனச் சோதனை நடத்தினார்கள். சிலருடைய போன் மேசை மேல், சிலருடையது பையில், சிலருடையது அடுத்த அறையில். அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். மேசை மேல் வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள், போனைத் தொடாமலே. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பக்கத்தில் போன் இருந்தால் மனத்தின் ஒரு மூலை அதற்காக விழித்திருக்கிறது என்பதை மறுக்க என் அனுபவம் இடம் தரவில்லை.

தெருவுக்கு வருகிறேன்.

2021 நவம்பர் 1-ல் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறந்தன. அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27-ல், இதே விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் 12 மாவட்டங்கள், பிறகு மாநிலம் முழுவதும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேர வகுப்பு. ஒரு தன்னார்வலருக்கு ஏறக்குறைய இருபது பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும், அதற்கு மேல் பட்டதாரிகளும் பாடம் எடுக்கலாம் என்றிருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டுக் கல்யாணமாகி, வீட்டு வேலைக்குள் முடங்கியிருந்தவர்கள் ஏராளம். அந்த ஆயிரம் ரூபாய் அவர்கள் உழைப்புக்கு ஈடாகாது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்த ஒரு பெண்ணை அந்தத் தெருவே “டீச்சர்” என்று கூப்பிடத் தொடங்கியது வேறு கணக்கு. அதை வைத்து இந்தக் கணக்கைச் சரிக்கட்டக் கூடாது.

எங்கள் தெருவின் மையம் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் நடந்தது. ஒரு குண்டு பல்பு, பிளாஸ்டிக் பாய், சுவரில் ஆணியடித்து மாட்டிய சின்னக் கரும்பலகை. அங்கே பாடம் எடுத்த தன்னார்வலரைப் பிள்ளைகள் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் அவர் இவன் நோட்டை வாங்கிப் பார்த்தார். 26 என்று மூன்று இடத்தில் இருந்தது. அடிக்கவில்லை, சுழிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு உள்ளே போய் ஈர்க்குச்சிகளைக் கொண்டுவந்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு. தனியாக இரண்டு குச்சி.

“இதுல எவ்ளோ இருக்கு?”

“அம்பத்திரண்டு.”

“எனக்கு முப்பத்தெட்டு வேணும். மொதல்ல எட்டு தனிக்குச்சி குடு.”

அவன் இரண்டு குச்சியையும் கையில் எடுத்தான். பாயைப் பார்த்தான். “ரெண்டுதான்க்கா இருக்கு” என்றான்.

“அப்ப என்ன பண்ணுவ?”

அவன் பேசவில்லை. அவரும் பேசவில்லை. நான் வாயைத் திறந்து சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். தொலைக்காட்சியின் மூன்று வினாடி எப்போதோ கடந்துபோயிருந்தது. அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கண் குச்சியிலிருந்து கட்டுக்குப் போவதையும், கட்டைத் தொடலாமா கூடாதா என்று விரல் தயங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மூன்றாம் வகுப்புப் பெண்தான் பொறுக்க மாட்டாமல், “கட்டப் பிரிடா” என்றாள். அவன் ரப்பர் பேண்டை இழுத்தான். பத்துக் குச்சியும் பாயில் சிதறி ஓடின. பொறுக்கி எண்ணிவிட்டு, “பன்னெண்டு” என்றான். எட்டைக் கொடுத்தான். பிறகு மூன்று கட்டைக் கொடுத்தான். மிச்சம் இருந்ததைப் பார்த்து, யாரும் கேட்காமலே, “பதினாலு” என்றான். நோட்டை எடுத்து மூன்று இடத்திலும் தானே அடித்து எழுதினான்.

கடன் வாங்கிக் கழித்தல் என்று நாம் வாய்ப்பாடு போலச் சொல்லித்தரும் ஒன்று உண்மையில் கடனே இல்லை. தன்னிடம் இருக்கும் கட்டைத் தானே பிரித்துக்கொள்வது. அது எனக்கே அன்றுதான் உறைத்தது. திரையில் ஐந்து நான்காக நிறம் மாறியபோது அது ஒரு வித்தையாகத்தான் இருந்தது.

இந்தக் காலத்து இழப்பையும் மீட்பையும் பெரிய அளவில் அளந்த ஆய்வு ஒன்று உண்டு. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளை வீட்டிலேயே சந்தித்துச் சோதித்தார்கள். 2019-ல் அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. ஒப்பிட இது பெரிய வசதி. 2021 டிசம்பரில் பார்த்தபோது கணக்கில் இழப்பு மிகப் பெரிதாக இருந்தது. தமிழில் அதில் ஏறக்குறைய பாதி. இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம் என்று நினைக்கிறேன். தமிழ் வீட்டில் இருக்கிறது, தெருவில் இருக்கிறது, கதையிலும் சண்டையிலும் பாட்டிலும் இருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தலை யாரும் வீட்டில் பேசுவதில்லை. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணித்தார்கள். தாய் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகள்தாம் பூட்டிய காலத்தில் அதிகம் இழந்தார்கள். வேகமாக மீண்டவர்களும் அவர்களே.

இந்தக் கடைசி வரியில்தான் என் மனம் நிற்கிறது. கல்வித் தொலைக்காட்சி எல்லா வீட்டுக்கும் ஒரே பாடத்தைத்தான் கொடுத்தது. ஆனால் தாய் படித்திருந்த வீட்டில், “என்னடா எழுதியிருக்க, காட்டு” என்று கேட்க ஓர் ஆள் இருந்தது. இல்லாத வீட்டில் திரை மட்டும் இருந்தது. தெரு வகுப்பு, அந்த இல்லாத ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்தது.

தமிழில் ‘கவனி’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. “பாடத்தைக் கவனி” என்று பிள்ளையிடம் சொல்கிறோம். “பிள்ளையைக் கவனி” என்று அதன் தாயிடம் சொல்கிறோம். மனதை ஒன்றில் நிறுத்துவதும், ஒருவரைப் பார்த்துப் பேணுவதும் நமக்கு ஒரே சொல். மாணவர்களின் கவனம் குறைந்துவிட்டது என்று கவலைப்படுகிற நாம் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, கவனத்தைப் பிள்ளையின் மூளைக்குள் இருக்கும் ஒரு சரக்கு போலப் பேசுகிறோம். செல்போன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்கிறோம். தாழ்வாரத்தில் நான் கண்டது இரண்டு பொருளும் ஒன்றாக நடப்பதை. அந்த அக்கா அவனைக் கவனித்ததால்தான் அவன் குச்சியைக் கவனித்தான். அவர் பார்வை அவன் முகத்தை விட்டு அகலாததால்தான் அவன் கண் பாயை விட்டு அகலவில்லை. வீட்டில் தொலைக்காட்சி முன்னால் பத்து நிமிடம் நிலைகொள்ளாத அதே பிள்ளை, குண்டு பல்பைச் சுற்றிப் பூச்சி பறக்க, தெருவில் டிராக்டர் போக, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

இதை என் பாசத்தால் பெரிதாக்குகிறேனோ என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாட்ரீசியா கூல் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு அந்தச் சந்தேகத்தை ஓரளவு தீர்த்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைப் பன்னிரண்டு தடவை மாண்டரின் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். சில குழந்தைகள் நேரில் வந்து விளையாடிய சீன மொழிக்காரரிடம் கேட்டன. மற்றவை அதே ஆட்கள் அதே மாதிரி பேசியதைத் திரையில் பார்த்தன. சில ஒலியை மட்டும் கேட்டன. முடிவில், நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றிருந்தன. திரையில் பார்த்தவை எதுவும் கற்கவில்லை, அந்த மொழியைக் கேட்டே இராத குழந்தைகளைப் போலவே இருந்தன. கைக்குழந்தைக்குப் பொருந்துவது நான்காம் வகுப்புக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் கூலின் குழு 2018-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வை எங்கள் தாழ்வாரத்திலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இந்தத் தடவை திரை முன்னால் சில குழந்தைகளைத் தனியாக உட்காரவைத்தார்கள், சிலவற்றை இரண்டிரண்டாக. அதே வீடியோதான். பக்கத்தில் இன்னொரு குழந்தை இருந்தபோது கற்றல் கூடியது.

ஆக, திரை என்பதாலேயே எல்லாம் வீணாகவில்லை. அதன் முன்னால் பிள்ளை தனியாக விடப்படுவதுதான் வினை. “கட்டப் பிரிடா” என்ற அந்தக் குரலை நினைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தருவது நம் ஊரின் பழைய வழி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்கு மணலில் எழுத்தை எழுதிக் காட்டுவான். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தன் பள்ளியில் வளர்த்தெடுத்தார். ஊர் திரும்பி 1797-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது பிரிட்டனில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி ஒன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது.

திண்ணையைப் புகழும்போது அதில் யார் ஏற முடிந்தது என்பதையும் பேசாவிட்டால் அது பாதி உண்மை. பழைய திண்ணையில் பெண்பிள்ளைகளுக்கு இடம் அரிது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடம் இல்லை. பிரம்படியும் உண்டு. இந்த மாலை வகுப்பு அரசின் திட்டம், யாரையும் விலக்கவில்லை. ஆனாலும் அது ஒரு தெருவில், ஒருவர் வீட்டு வாசலில் நடந்தது. ஊரும் காலனியும் இன்னும் தனித்தனியாகக் கிடக்கும் நம் கிராமங்களில், யார் வீட்டு வாசல் என்பது சின்ன விஷயம் இல்லை. கோயில் மண்டபத்தில் நடந்தால் யார் தயங்குவார்கள், அங்கன்வாடியில் நடந்தால் யார் வர மறுப்பார்கள் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். இந்த ஓர் இடத்தில் கல்வித் தொலைக்காட்சி தெருவைவிட மேலானது என்பேன். யார் வீட்டுப் பிள்ளை என்று அது கேட்டதில்லை. எந்தத் தெருவில் இருந்து பார்த்தாலும் அதே டீச்சர், அதே சிரிப்பு, அதே பாடம். இது அற்ப சாதனை அல்ல.

இன்னொரு இடத்திலும் திரை பக்கம் சாய்கிறேன். அக்காவின் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. விடியற்காலை நாலு மணிக்கு, போன் யாருக்கும் தேவைப்படாத நேரத்தில், எழுந்து உட்கார்ந்துகொள்வாள். தொகையீட்டுக் கணக்கு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். ஒரே படியை ஐந்து தடவை ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் தாளில் போட்டுப் பார்ப்பாள். எந்த வகுப்பறையிலும் ஆசிரியரிடம் ஐந்தாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்கத் துணிந்திருக்க மாட்டாள். “போன்ல கேட்டா திட்டாது சித்தி” என்றாள் ஒரு நாள். பிறகு யோசித்து, “எனக்கு எது தெரியலன்னு எனக்குத் தெரியும். தம்பிக்கு அதுதான் தெரியல” என்றாள். பதினேழு வயதுப் பெண் சொன்ன அந்த இரண்டு வரி, நான் படித்த பல கட்டுரைகளைவிடத் துல்லியமாக இருந்தது. தனக்குத் தெரியாததைத் தானே கண்டுகொள்ளும் அளவுக்கு வளர்ந்தவளுக்குத் திரை ஒரு பொறுமையான ஆசிரியர். தன் தப்பைச் சரியென்று நம்பிக்கொண்டிருக்கும் எட்டு வயதுக்காரனுக்கு அது தலையாட்டும் சுவர். இருவரும் ஒரே போனுக்குத்தான் சண்டை போட்டார்கள்.

தாழ்வாரத்து அக்காவும் போனை ஒதுக்கியவர் இல்லை. வருகைப் பதிவு அவர் போனில்தான். வாரத்தில் இரண்டு நாள் ஒரு பாட்டோ கதையோ போட்டுக் காட்டுவார். இருபது பிள்ளைகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, அந்த உள்ளங்கையளவு திரையை எட்டிப் பார்ப்பார்கள். நடுவில் நிறுத்தி, “இப்ப அந்த நரி என்ன பண்ணும்?” என்பார். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், சண்டை வரும், பிறகு மீதி ஓடும். முடிந்ததும் போனைக் கவிழ்த்துக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்துவிடுவார். பிள்ளைகளை ஷார்ட்ஸில் மூழ்கடித்த அதே வகைக் கருவிதான் அது. இருபது பேருக்கு ஒன்றாக இருந்து, நிறுத்துகிற விரல் ஒன்று அதன் மேல் இருந்தபோது, அது இன்னொரு கரும்பலகை ஆனது. 2018-லிருந்து நம் பாடநூல்களில் அச்சாகும் கியூஆர் கோடுகளுக்கும் இப்படி ஒரு விரல் வாய்த்தால்தான் பயன். தனியாக ஸ்கேன் செய்கிற பிள்ளை வீடியோ முடிந்ததும் எங்கே போகும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

2023 பொங்கல் விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் இவனும் எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணும். அவளுக்கு ஏழு வயது இருக்கும். இருவருக்கும் நடுவே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போன். கழித்தல் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு டீச்சர் “சொல்லுங்க பார்ப்போம்” என்றதும் இவன் விரலை வைத்து நிறுத்தினான். டீச்சரின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

அந்தப் பெண் விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள். ஒரு தடவை எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து தொடங்கினாள். இவன் போனைப் பார்க்கவில்லை, அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு விடை சொன்னாள்.

“இல்ல” என்றான். எழுந்து விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவப் போனான்.